மணியின் ஓப்பன் காரைக் கழுவிய மூன்று நாள்

என் தம்பி மணிக்கு,

எங்கே இருந்தாலும் முதலில் தலையைத் துவட்டிக் கொள். கடைசியாக என் கண்ணெதிரே நீ சொட்டச் சொட்ட நனைந்துபோய் நின்றாய். இந்த ஒரு வருஷமாக உன்னை நினைத்தால் அந்த ஈரத் தலைதான் முதலில் வருகிறது. துவட்டிக் கொண்டு நிதானமாக உட்கார்ந்து இதைப் படி. உனக்கு இனி என்ன அவசரம்?

உன் காரைக் கழுவி முடித்தேன். மூன்று நாள் ஆயிற்று. முதுகு விட்டுப் போய்விட்டது, விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிக் கிடக்கிறது. அறுபத்து நாலு வயதில் ஒருத்தி செய்கிற வேலையா இது? நீ இருந்தபோது சனிக்கிழமை தோறும் பாட்டுப் பாடிக் கொண்டு செய்வாயே, எப்படிடா முடிந்தது உன்னால்?

ஏன் இப்போது கழுவினேன் என்று கேட்பாய். வித்யாவுக்குக் கல்யாணம். ஆம், உன் பெண்ணுக்குத்தான். உன் வருஷாப்திகம் போன மாதம் முடிந்தது, ஆவணியில் முகூர்த்தம் வைத்திருக்கிறோம். பையன் பெயர் கார்த்திக், நாகர்கோவில்காரன், அவளோடு ஒரே ஆபீசில் வேலை. நல்ல பையன், கொஞ்சம் அதிகமாகச் சிரிக்கிறான். மண்டபம், சமையல், புடவை எல்லாவற்றுக்கும் "உங்க இஷ்டம் அத்தை" என்று சொன்ன பெண், ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். ஜானவாசம் அப்பாவின் காரில் நடக்க வேண்டும்.

கேட்கத்தானே செய்வாள். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்கார்த்தி, நாயனத்தோடு தெருவைச் சுற்றி அழைத்து வருகிற அந்த ஊர்வலத்துக்காகத்தானே நீ அந்த வண்டியையே வாங்கினாய்! நம் ஸ்ரீவராகத்தில் பாதி மாப்பிள்ளைகளை நீதான் ஓட்டிக் கொண்டு போனாய். ஊரார் மாப்பிள்ளையெல்லாம் ஏறிய வண்டியில் சொந்த மாப்பிள்ளை ஏறாமல் இருப்பானா? நான் சரி என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொண்டேன்.

ஏனென்றால் வித்யாவிடம் நான் சொல்லாத ஒன்று இருந்தது. நீ போன அன்றைக்கு நடந்தது. அதைச் சொல்லாமல் அந்தக் காரில் அவள் மாப்பிள்ளையை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. சொன்னால் அவள் என்னை அத்தை என்று கூப்பிடுவாளோ மாட்டாளோ என்ற பயமும் இருந்தது. அவள் அம்மா கண்ணை மூடிய வருஷத்திலிருந்து அவளுக்குத் தலை பின்னி, டிபன் கட்டிக் கொடுத்து வளர்த்தவள் நான். எனக்கும் அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

முதல் நாள் தார்ப்பாயை எடுத்தேன். நாற்றத்துக்குத் தலைப்பால் மூக்கைக் கட்டிக் கொண்டேன். தப்பு என்னுடையதுதான். உன்னைச் சாந்திகவாடம் மயானத்தில் வைத்துவிட்டு வந்த அன்றே, அந்த வண்டியைப் பார்க்கச் சகிக்காமல் ஈரத்தோடு தார்ப்பாய் போட்டு மூடினேன். கேன்வாஸ் கூரையை ஈரத்தோடு மூடக் கூடாது, மடிக்கக் கூடாது என்று நீ ஆயிரம் தடவை சொன்னது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் மூடினேன். அது அழுகிப் போகட்டும் என்றிருந்தது. ஒரு வருஷத்தில் அந்தப் பிஸ்கட் நிறத் துணியெல்லாம் மிளகு தூவினாற்போல் கறுப்புப் பூஞ்சை.

மெக்கானிக் வந்து பேட்டரியை மாற்றி, வண்டியை வெளியே எடுத்து, சுவர் நிழலில் நிறுத்திக் கொடுத்தான். பலாமரத்தடியில் நிறுத்தப் போனவனை நான்தான் தடுத்தேன். பிசின் விழுந்தால் துணியிலிருந்து போகாது என்று உன் குரலில் சொன்னேன். எனக்கே சிரிப்பு வந்தது. பத்து வருஷம் உன் மேல் எரிந்து விழுந்து கொண்டே உன் பாடமெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகியிருக்கிறது பார்.

அடுத்த வீட்டு சசி மதிலுக்கு மேலே தலையை நீட்டினான். "அக்கா, ஞான் பிரஷர் வாஷர் கொண்டு வரட்டே? அஞ்சு மினிட்டு மதி. பளபளன்னு ஆயிடும்."

"வேண்டாம்பா. தண்ணி அந்த வேகத்துல பட்டா தையல் பிரிஞ்சுடும். அவன் இருந்தா உன்னைக் கடிச்சுத் துப்பிடுவான்."

"மணியண்ணன் என்னை அந்த வண்டியில தொடவே விட மாட்டாரே," என்றான். அதுவும் உண்மைதானே. உன்னையும் என்னையும் தவிர அந்தக் கூரையில் இன்னொருவர் கை படக் கூடாது. என்ன சட்டமோ அது!

வாளியும் குவளையும் வைத்துக் கொண்டு ஆரம்பித்தேன். முதலில் தண்ணீர் விடாமல், மெத்தென்ற பிரஷால் தூசியைத் தட்டினேன். கண்ணாடிகளை முழுக்க ஏற்றினேன். கூரையின் உச்சியிலிருந்து குவளை குவளையாக விட்டேன், ஜன்னல் ரப்பர் பக்கம் வீசி அடிக்கவில்லை. குழந்தைகளுக்குத் தேய்க்கிற ஷாம்பூவைக் கரைத்து, நெசவு போகிற திசையிலேயே தேய்த்தேன். பின்பக்கம் பிளாஸ்டிக் ஜன்னலைத் துணியால் தொடவே இல்லை. நிறையத் தண்ணீர் விட்டு உள்ளங்கையால்தான் தடவினேன், நீ சொன்ன மாதிரி, கன்னத்தைத் தடவுகிற மாதிரி. பூஞ்சை முக்கால்வாசி போயிற்று. இன்னும் இரண்டு தடவை செய்தால் முழுக்கப் போகலாம். எனக்குத் தெம்பு இல்லை.

சரி, முடிந்தது என்று கதவைத் திறந்தால் உள்ளே குளம். கால் வைக்கிற இடமெல்லாம் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கூரை மடிகிற இடத்தில் தண்ணீர் கீழே வடிய இரண்டு ஓட்டைகள் உண்டென்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. கம்பி விட்டுக் குத்தினால் உள்ளே இருக்கிற ரப்பர் குழாய் கிழியும், ஈர்க்குச்சிதான் விட வேண்டும் என்பாய். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி விட்டுக் கிண்டினேன். என்ன வந்தது தெரியுமா? அட்சதை. மஞ்சள் அரிசி ஊறிப் பருத்து, காய்ந்த மல்லிகையோடு சேர்ந்து கட்டியாக வந்தது. யார் யார் கல்யாணத்து அட்சதையோ. நான் தரையில் உட்கார்ந்து அதைக் கையில் வைத்துக் கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு எழுந்து மற்ற ஓட்டையையும் கிண்டினேன்.

இதற்குள் இன்னொரு கூத்து. நீ கடைசியாக ஓட்டின ஜானவாசத்தில் யாரோ ஒரு மாமி ஆரத்தித் தட்டைச் சாய்த்து விட்டாளே, கூரையின் பின்பக்கம் கறை விழுந்ததே, அது மஞ்சளாக உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே இருந்தது. ஷாம்பூவுக்கு அசையவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. துணி துவைக்கிற கட்டி சோப்பை எடுத்து வந்து நாலு தேய் தேய்த்தேன். அவ்வளவுதான், ரத்தச் சிவப்பு! ஆரத்தி நேற்றுதான் கொட்டிய மாதிரி பளீரென்று சிவந்துவிட்டது.

மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவக்கும் என்று எனக்குத் தெரியாதா மணி? எத்தனை புடவையில் பார்த்திருக்கிறேன்! புடவையில் பட்டிருந்தால் சோப்பைத் தொட்டிருக்கவே மாட்டேன், வெறும் தண்ணீரில் அலசி வெயிலில் போட்டிருப்பேன். கார் என்றதும் அது வேறு ஏதோ ஆம்பிளை சமாசாரம் என்று புத்தி மழுங்கிப் போயிற்று. சாயங்காலம் வித்யா ஆபீசிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "என்ன அத்தை இது, கொலை நடந்த எடம் மாதிரி இருக்கு!" என்று சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. உள்ளே போய்விட்டேன்.

நல்ல தண்ணீர் விட்டு விட்டு சோப்பை முழுக்கப் போக்கினேன். ஆடி மாதமாக இருந்தாலும் இரண்டு நாள் நல்ல வெயில். கூரையைத் தூக்கி வைத்தபடியே காயவிட்டேன். மஞ்சளுக்கு வெயில் ஆகாது, கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து இன்றைக்குக் காலையில் கறை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. துணியும் மொரமொரவென்று காய்ந்திருந்தது. உள்ளே கார்ப்பெட்தான் இன்னும் ஈரம். அதனால் காலையில் வித்யா கிளம்புவதற்கு முன் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூரையை மடித்து, நாலு கதவு இருக்கிற காராக இருந்தால் நாலையும் திறந்திருப்பேன், இருக்கிற இரண்டையும் திறந்து போட்டேன்.

உன் கடைசி நாளன்றைக்கும் இதே மாதிரிதான். இதே இடத்தில், கூரையை மடித்துக் கதவைத் திறந்து போட்டுவிட்டுத்தானே நீ போனாய். மறுநாள் ஒரு ஜானவாசம் இருந்தது. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வருகிறேன் என்றாய். பதினொரு மணிக்கு வானம் கறுத்தது. அந்தக் கூரையை ஒரு ஆளால் தூக்க முடியாது, இரண்டு பக்கமும் இரண்டு பேர் வேண்டும். நான் உனக்கு போன் செய்தேன்.

"வானம் கறுத்துண்டு வரது, உன் வண்டி பப்பரக்கான்னு திறந்து கிடக்கு" என்றேன். இதோ கிளம்பிட்டேன் அக்கா என்றாய். ஐந்து நிமிஷம் கழித்து இரண்டாம் தடவை கூப்பிட்டேன். "ஒரு தேங்காய் ஒடைக்க இவ்வளவு நேரமா? தோப்பே வாங்கறயா?" ஆட்டோ கிடைக்கலை, நடந்துண்டிருக்கேன் என்றாய். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது தூற்றல் போட ஆரம்பித்துவிட்டது. "ஓடி வாடா! இல்லேன்னா இந்தப் பழைய இரும்பை ஆக்ரிக்காரனுக்குப் போட்டுடுவேன்!"

நீ ஓடி வந்தாய். அறுபது வயதில், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக் கொண்டு, கொட்டுகிற மழையில். இரண்டு பேருமாகக் கூரையைத் தூக்கினோம். கொக்கியை மாட்டினாய். உள்ளே உட்கார்ந்து, "கொஞ்சம் மோர் கொண்டு வா அக்கா" என்றாய். நான் முணுமுணுத்துக் கொண்டே போய் மோரைக் கலந்து கொண்டு வந்தேன். உன் தலை ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தது.

இதில் நான் யாரிடமும் சொல்லாதது என்ன தெரியுமா? அன்றைக்கு சசி வீட்டில்தான் இருந்தான். அவனுடைய டிவி சத்தம் எனக்குக் கேட்டுக் கொண்டுதான் இருந்தது. மதில் பக்கம் போய் ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்திருப்பான், நீ வருவதற்கு முன் மூடியிருக்கலாம். அப்புறம் நீ கத்தினால் கத்திக் கொண்டிரு என்று விட்டிருக்கலாம். நான் அவனைக் கூப்பிடவில்லை. உன்னைத் திட்ட ஒரு சாக்கு கிடைத்ததே என்று உன்னையே கூப்பிட்டேன். மூன்று தடவை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார், இது பல மாதத்து அடைப்பு, எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்று. என் காதில் அது ஏறவே இல்லை. எப்போது வேண்டுமானாலும் என்றால் ஏன் அப்போது? நான் ஓடச் சொன்ன அன்றைக்கு ஏன்? நீயாவது சொல்லேன்.

இன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு சாப்பிட்ட அயர்ச்சியில் கண்ணைச் சொருகியது. விழித்துப் பார்த்தால் வீட்டுக்குள் இருட்டிக் கிடக்கிறது. வாசலுக்கு ஓடினேன். தெற்கே வானம் கரேலென்று இருக்கிறது, உன் வண்டி திறந்தபடி நிற்கிறது. என் கை தானாக இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துவிட்டது. வித்யாவின் பெயர் வரைக்கும் போய்விட்டேன். அவள் ஆபீஸ் ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில், ஸ்கூட்டரில் வருகிறவள். ரோடெல்லாம் பள்ளம். கூப்பிட்டால் வந்துவிடுவாள், பறந்து கொண்டு வருவாள், அப்பா வண்டி ஆயிற்றே.

போனைக் கொண்டுபோய் உள்ளே ஊஞ்சலில் போட்டேன். திரும்பி வந்து காரின் பக்கத்தில் நின்றேன். மழை பிடித்துக் கொண்டது. இடது பக்கத்து இரும்பை மட்டும் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன், ஒரு முழம் எழுந்து, கோணிக் கொண்டு, திரும்ப விழுந்தது. சீட்டெல்லாம் நனைகிறது. நான் நனைகிறேன். கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் அப்படியே நின்றேன் மணி. உண்மையைச் சொன்னால், எனக்கு அலுத்துப் போயிற்று. உன் வண்டி, உன் மழை, உன் சட்டம். எல்லாவற்றையும் நான் ஒருத்தியே தூக்கிக் கொண்டு நிற்க முடியுமா?

பிறகு மதிலைப் பார்த்துக் கத்தினேன். "சசி! ஒரு கை கொடேன்!"

அவன் சாப்பிட்ட கையோடு, குடை கூட எடுக்காமல் வந்தான். "மணியண்ணன் வழக்கு பறையுமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டான். திட்டினா நான் பார்த்துக்கறேன் என்றேன். இரண்டே நிமிஷத்தில் தூக்கிக் கொக்கி போட்டாயிற்று. இரண்டே நிமிஷம்தான். அவன் போன பிறகு நான் ஈரப் புடவையோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன், மாற்றிக் கொள்ளக் கூடத் தோன்றவில்லை.

வித்யா ஆறரைக்கு வந்தாள். மழை நின்றுவிட்டிருந்தது. கூரையில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்பதைப் பார்த்துவிட்டு, "யார் தூக்கினா?" என்றாள். சசி என்றேன். "சசி அண்ணனா? அப்பா இருந்தா வீட்டை விட்டே போயிருப்பார்!" என்று சிரித்துக் கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றினாள். அந்தச் சிரிப்பு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் போய்விடும்.

"வித்யா, அன்னிக்கு உன் அப்பாவை ஓட வெச்சது நான்தான். மூணு தடவை போன் பண்ணினேன். சசி இங்கேயே இருந்தான், அவனைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடலை."

அவள் ஹெல்மெட்டைப் படியில் வைத்தாள். "தெரியும் அத்தை" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அப்பா போன் என்கிட்டதானே இருக்கு. ஆஸ்பத்திரிக்காரா கொடுத்தாளே. அக்கா, அக்கா, அக்கான்னு மூணு கால். அன்னிக்கே பார்த்துட்டேன்."

ஒரு வருஷமாகத் தெரிந்து வைத்துக் கொண்டு என் கையால் சாப்பிட்டிருக்கிறாள், என் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறாள். ஏன்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. காரையே பார்த்துக் கொண்டிருந்தாள். "நாலாவதா ஒண்ணு இருக்கு அத்தை. அது நான். எங்க ஆபீஸ் பக்கம் முதல்லயே மழை வந்துடுத்து. கூரையைப் போட்டாச்சான்னு கேக்கறதுக்காகக் கூப்பிட்டேன். முழுக்க அடிச்சு நின்னுது, அப்பா எடுக்கலை. ஓடிண்டிருந்திருப்பார். போன் அடிக்கறதேன்னு இன்னும் வேகமா ஓடினாரோ என்னவோ. உங்களைக் கேட்டா இதையும் சொல்லணுமே. எப்படி அத்தை சொல்லுவேன்?"

சொல்லிவிட்டு அவள் அழுத அழுகை இருக்கிறதே, நீ போன அன்றைக்குக் கூட அவள் அப்படி அழவில்லை. மழை வந்தால் இந்தப் பெண் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். நான் அதை ஏதோ அலட்சியம் என்று நினைத்திருந்தேன். ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், ஒரு வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி உன்னைக் கொன்று கொண்டிருந்திருக்கிறோம்.

அவளை இழுத்து அணைத்துக் கொண்டேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "அசடே! டாக்டர் என்ன சொன்னார்? பல மாசத்து அடைப்புன்னாரா இல்லையா? ஒரு போன் வந்ததுக்கா ஒரு மனுஷன் போவான்? உன் பேர் வந்தா அவனுக்கு வாயெல்லாம் பல்லாச்சே. பொண்ணு கூப்பிடறாள்னு சந்தோஷமா வந்திருப்பான்டி. உன்னால ஒண்ணும் ஆகலை. கேட்டியோ, ஒண்ணும் ஆகலை!"

அவள் மூக்கை என் ஈரத் தலைப்பிலேயே துடைத்துக் கொண்டு, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "அப்போ உங்களுக்கும் அதானே அத்தை?"

டாக்டர் சொன்னது ஒரு வருஷம் கழித்து, என் வாயாலேயே நான் சொல்லி, அப்போதுதான் என் காதில் விழுந்தது. முழுக்க நம்பிவிட்டேனா என்று கேட்காதே. இன்றைக்குப் பாதி நம்பியிருக்கிறேன். மீதியை மெதுவாக நம்பிக் கொள்கிறேன்.

சீட்டு மறுபடி ஈரம். நாளைக்கு வெயில் வந்தால் திரும்பவும் கூரையை மடித்துக் காயப் போட வேண்டும். போடுகிறேன், என்ன செய்வது! ஜானவாசத்துக்குள் அந்த நாற்றமும் போய்விடும் என்று நினைக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். ஆவணியில் ஊர்வலம் பாதித் தெருவில் போகும்போது மழை கொட்டினாலும் சரி, யாரையும் நான் ஓடச் சொல்ல மாட்டேன். உன் மாப்பிள்ளை நனைந்தால் நனையட்டும், நாலு பேர் சிரிக்கட்டும். யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் நடந்து வந்து ஒரு கை கொடுத்தால் போதும். நம் வீட்டில் இனி மழைக்கு யாரும் ஓட மாட்டார்கள்.

இப்படிக்கு,
உன்னை மூன்று தடவை கூப்பிட்ட
உன் அக்கா,
லலிதா